நானூற்றுப் பதினேழாவது துண்டு

போடிநாயக்கனூரில் பேப்பர் படிக்கத் தெரிந்தவர்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருந்தார்கள். ஆனால் பேப்பர் படித்ததற்குக் கூலி வாங்கிய ஆள் ஊரிலேயே ஒருத்திதான். அவள் பெயர் பொன்னுமணி. ஆறாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள்.

கூலி என்றதும் காசு என்று நினைத்துவிடாதீர்கள். விஷயம் வேறு.

பொன்னுமணியின் அம்மா பாண்டியம்மாள், குத்புதீன் ராவுத்தரின் ஏலக்காய் ஸ்டோரில் காய் பொறுக்கும் வேலை பார்த்தாள். மலையிலிருந்து ஜீப்பில் வந்து இறங்கும் ஏலக்காயைச் சுளகில் பரப்பி, வெடித்த காய், வெளுத்த காய், காம்பு, தூசி எல்லாவற்றையும் பிரித்தெடுக்க வேண்டும். அவளோடு இன்னும் இருபது பெண்கள் வரிசையாக உட்கார்ந்து காலையிலிருந்து சாயங்காலம் வரை அதைத்தான் செய்வார்கள். கைக்கு வேலை இருக்கும். காதுக்கு வேலை இருக்காது.

அந்தக் காதுகளுக்குத்தான் பொன்னுமணி வேலை கொடுத்தாள். பள்ளிக்கூடம் விட்டதும் நேரே ஸ்டோருக்கு ஓடி வருவாள். முதலாளி படித்து மடித்து வைத்த பேப்பரை எடுத்துக்கொண்டு நடுவில் உட்காருவாள். தொண்டையைச் செருமிக்கொண்டு, "செய்திகள். வாசிப்பது பொன்னுமணி" என்று ரேடியோக் குரலில் தொடங்குவாள். உடனே ஒவ்வொரு பெண்ணும் பாண்டியம்மாளின் குவியலிலிருந்து ஒரு கை காயை அள்ளித் தன் சுளகில் போட்டுக்கொள்வாள். இருபது பேர், இருபது கை. குவியல் மளமளவென்று கரையும். அம்மாவும் மகளும் இருட்டுவதற்கு முன்னால் வீட்டுக்குப் போய்விடலாம்.

சும்மா சொல்லக்கூடாது, பொன்னுமணி நன்றாகவே படிப்பாள். கிணற்றில் விழுந்த பசு, பஸ்ஸில் காணாமல் போன நகைப்பை, டெல்லியில் நடக்கும் சண்டை எல்லாவற்றையும் ஏற்ற இறக்கத்தோடு படிப்பாள். 'அஞ்சப்படுகிறது' என்ற சொல் வந்தால் அவளுக்கு ஒரே குஷி. அதை மட்டும் கொஞ்சம் இழுத்துப் படிப்பாள்.

அது 1979-ஆம் வருடம், ஜூலை மாதம். ஊரெல்லாம் ஒரே பேச்சு. ஸ்கைலாப் விழப்போகிறது.

ஸ்கைலாப் என்பது அமெரிக்காக்காரர்கள் ஆறு வருடத்துக்கு முன்னால் வானத்துக்கு அனுப்பிய ஆராய்ச்சிக்கூடம். எழுபத்தேழு டன் எடை. அது பூமியைச் சுற்றிச் சுற்றி அலுத்துப்போய், கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே இறங்கிக்கொண்டிருந்தது. எந்த ஊரில் விழும் என்று அனுப்பியவர்களுக்கே தெரியவில்லை. போடியில் பஸ்ஸுக்கு நின்றவர்கள் வானத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார்கள். பஸ் வந்து போனதுகூடச் சிலருக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை சாயங்காலம் பொன்னுமணி அந்தச் செய்தியைப் படித்தாள்.

"ஸ்கைலாப் சுமார் ஐநூறு துண்டுகளாக உடைந்து விழக்கூடும் என விஞ்ஞானிகள் தெரிவித்துள்ளனர். எந்த இடத்தில் விழும் என்பதை இப்போது கூற இயலாது."

இருபது ஜோடிக் கைகளும் நின்றுவிட்டன. ஏலக்காய் உருளும் சத்தம்கூட இல்லை. இதற்கு முன் எந்தச் செய்திக்கும் இப்படி நடந்ததில்லை.

"அப்பறம்?" என்றாள் பாத்துமுத்து. அவள்தான் அந்த வரிசையில் பெரிய வாய்க்காரி.

அப்புறம் ஒன்றும் இல்லை. செய்தி முடிந்துவிட்டது. அதற்குக் கீழே தையல் மிஷின் விளம்பரம்தான் இருந்தது. பொன்னுமணி விளம்பரத்தைப் பார்த்தாள். நிமிர்ந்து இருபது முகங்களையும் பார்த்தாள். இத்தனை பேர் தன் வாயையே பார்த்துக்கொண்டிருக்கும்போது, 'அவ்வளவுதான்' என்று சொல்ல யாருக்குத்தான் மனசு வரும்?

அவள் கண் வாசல் பக்கம் போனது. கொசு மருந்து அடிக்க வந்த ஆட்கள் கதவு நிலையில் தாரால் எழுதிவிட்டுப்போன எண் அங்கே இருந்தது. 417. வாய் தானாகத் திறந்துகொண்டது.

"அவற்றுள் நானூற்றுப் பதினேழாவது துண்டு, போடிமெட்டு மலைப் பகுதியில் விழக்கூடும் என அஞ்சப்படுகிறது."

"ஆத்தாடி" என்று மூன்று நான்கு பேர் ஒன்றாகச் சொன்னார்கள். ஒரு சுளகு சரிந்து காய் தரையெல்லாம் சிதறியது. அது வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்திருந்த சுருளியம்மாளின் சுளகு. பொன்னுமணி அதைப் பார்க்கவில்லை. அவளுக்குப் பெருமை தலைக்கேறியிருந்தது. அன்று எல்லோரும் அம்மாவின் குவியலிலிருந்து இரண்டு கை அள்ளிக்கொண்டார்கள்.

மறுநாள் செவ்வாய்க்கிழமை. பொன்னுமணி ஸ்டோருக்குள் நுழைந்து பேப்பரைத் தொடுவதற்கு முன்பே பாத்துமுத்து கத்தினாள்.

"ஏ பிள்ள, நேத்து நீ படிச்சது சரியாப் போச்சு. எங்க மச்சான் தேவாரத்துலேருந்து வந்தாக. பஸ் ஸ்டாண்டுல இதே பேச்சுத்தானாம். நானூத்திப் பதினேழாம் துண்டு ஒரு வீடு தண்டி இருக்குமாம்."

"வீடா? ரைஸ் மில்லு தண்டின்னு சொன்னாக சிலமலையில" என்றாள் இன்னொருத்தி.

ஜீப் டிரைவர் சிக்கந்தர் அப்போதுதான் மலையிலிருந்து இறங்கி வந்து, மூட்டை இறக்குவதைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவனும் விடவில்லை. "பூப்பாறை டீக்கடையில மலையாளத்துக்காரவுகளே சொல்றாகக்கா. நானூத்திப் பதினேழுன்னு நம்பரோட சொல்றாக. போலீசுக்கெல்லாம் ரகசியமாத் தெரியுமாம்."

பொன்னுமணிக்கு முதலில் சிரிப்பு வந்தது. அப்புறம் சிரிப்பு நின்றுவிட்டது. அவள் விட்ட புளுகு ராத்திரியே பஸ் ஏறித் தேவாரம் போய், காலையில் ஜீப்பில் மலையேறி, பூப்பாறையில் டீ குடித்துவிட்டு, சாயங்காலம் திரும்பி வந்து அவள் முன்னாலேயே உட்கார்ந்திருந்தது. போகும்போது அதற்கு அளவு கிடையாது. வரும்போது ரைஸ் மில் அளவு வளர்ந்திருந்தது.

ஒரு நிமிஷம், நிஜமாகவே அப்படி ஒரு துண்டு இருக்குமோ என்று அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது என்றால் பார்த்துக்கொள்ளுங்கள்.

"சிக்கந்தரு, நாளைக்குக் காலையில ஜீப்புல எனக்கு ஒரு எடம் வேணும்" என்றாள் சுருளியம்மாள். "எம் மகளக் கூட்டியாரணும்."

எல்லோரும் அவளைத் திரும்பிப் பார்த்தார்கள். சுருளியம்மாளின் மகள் மொக்கம்மாள் போடிமெட்டுக்கு மேலே ஒரு ஏலத்தோட்டத்தில் இருந்தாள். நிறைமாதம். பிரசவத்துக்கு அம்மா வீட்டுக்கு வந்திருக்க வேண்டியவள்தான். ஆனால் தோட்டத்து ஆஸ்பத்திரி நர்சு கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். பிள்ளை நன்றாகக் கீழே இறங்கியிருக்கிறது, இந்த நேரத்தில் மலை ரோட்டில் குலுங்கினால் தாய்க்கும் ஆகாது, பிள்ளைக்கும் ஆகாது, இங்கேயே நான் பார்த்துக்கொள்கிறேன் என்று.

பாண்டியம்மாள் பதறிப்போனாள். "மதினி, ஜீப்புல ஏறவே கூடாதுன்னு நர்சம்மா சொல்லிருக்காகளே. அத்தனை வளைவுல நடுவழியில வலி எடுத்துட்டா என்ன செய்வீக?"

"வளைவுல வலி எடுத்தா ஒரு வழி பொறக்கும். மேலேருந்து மில்லு தண்டி துண்டு விழுந்தா? விழப்போகுதுன்னு தெரிஞ்சுக்கிட்டே எம் பிள்ளைய அங்க விட்டு வைக்கச் சொல்றியா?" சுருளியம்மாளின் குரல் உடைந்தது.

பொன்னுமணி எழுந்து நின்றாள். காதெல்லாம் சூடாக இருந்தது.

"அத்தே, போக வேணாம். அது பேப்பர்ல இல்ல. நானாச் சொன்னேன்."

இருபது பேரும் அவளைப் பார்த்தார்கள். அப்புறம் சிரித்தார்கள். ஆமாம், சிரித்தார்கள்.

"பாத்தியா, அத்தைக்காகப் பிள்ள எப்படி மாத்திப் பேசுது" என்றாள் பாத்துமுத்து.

"நெசமாத்தான் பெரியம்மா. நான் சும்மா சொன்னேன்."

"நீ சும்மா சொன்னா தேவாரத்துக்காரவுகளும் சும்மா சொல்வாகளா? பூப்பாறைக்காரவுகளுக்கு நீ போய்ப் படிச்சுக் காட்டுனியா?"

பொன்னுமணி ஓடிப்போய்ப் பழைய பேப்பர்க் கட்டிலிருந்து நேற்றைய பேப்பரை எடுத்து வந்தாள். செய்தியைத் திரும்பப் படித்துக் காட்டினாள். தையல் மிஷின் விளம்பரத்தையும் சேர்த்துப் படித்தாள்.

"இந்த மாதிரி ரகசியத்தையெல்லாம் பேப்பர்ல போட்டுருவாகளா தாயி?" என்றான் சிக்கந்தர்.

அவ்வளவுதான். நேற்று அவள் புளுகினாள், அத்தனை பேரும் நம்பினார்கள். இன்று உண்மையைச் சொல்கிறாள், ஒருத்தரும் நம்பவில்லை. சுருளியம்மாள் அவள் தலையைத் தடவி, "உனக்கு நல்ல மனசுடி தங்கம்" என்றாள். அதைவிட நான்கு அடி அடித்திருக்கலாம்.

வீட்டுக்குப் போகும் வழியில் பாண்டியம்மாள் கேட்டாள். "நீ சொன்னது நெசமா?"

"நெசம்மா. நீயாவது அத்தைகிட்டச் சொல்லும்மா."

"நான் சொன்னா, மகளுக்குப் பரிஞ்சு பேசறேன்னு நெனப்பாக. நீதான சொன்ன, நீதான் மாத்தணும்." கொஞ்ச தூரம் நடந்தபின் அம்மா சொன்னாள். "ஜீப்பு காலையில ஏழரைக்குக் கெளம்பும்."

பொன்னுமணி அன்று சோற்றைப் பிசைந்துகொண்டே யோசித்தாள். பேப்பரைக் காட்டியாயிற்று, நம்பவில்லை. சத்தியம் செய்தால் பாவம் பிள்ளை என்பார்கள். அந்தத் துண்டுக்கு ஊர் ஊராக ஆட்கள் சாட்சி சொல்கிறார்கள். தனக்கு யார் சாட்சி? யோசித்து யோசித்து, நான்காவது உருண்டையை வாயில் போடும்போது அவளுக்குப் பிடிபட்டது. அப்புறம் நிம்மதியாக இரண்டாம் சோறு வாங்கிச் சாப்பிட்டாள்.

புதன்கிழமை காலை. ஸ்டோர் வாசலில் ஜீப் நின்றது. பின்னால் அரிசி மூட்டையும் மண்ணெண்ணெய் டின்னும் ஏற்றியிருந்தார்கள். முன் சீட்டில் சுருளியம்மாள் உட்கார்ந்திருந்தாள். மடியில் இரண்டு தலையணை, ஒரு கம்பளி. மகளைச் சுற்றி அணை கட்டிக் கூட்டிவர நினைத்திருக்கிறாள், பாவம். கண் இரண்டும் வீங்கியிருந்தன.

வேலைக்கு வந்த பெண்கள் ஜீப்பைச் சுற்றி நின்றார்கள். சிக்கந்தர் வண்டியில் ஏறக் காலை வைத்தான்.

"சிக்கந்தர் அண்ணே, ஒரு நிமிசம்" என்று புத்தகப் பையோடு வந்து நின்றாள் பொன்னுமணி. "மலையில விழப்போற துண்டு எத்தனாவது நம்பரு?"

"நானூத்திப் பதினேழு. ஊருக்கே தெரியுமே."

"இந்தக் கதவு நெலையில என்ன எழுதிருக்குன்னு கொஞ்சம் வாசிங்க."

சிக்கந்தர் இறங்கி வந்தான். தாரால் எழுதிய எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தான். "நாலு... ஒண்ணு... ஏழு." அவன் மறுபடியும் வாசித்தான். "நானூத்திப் பதினேழா? இத யாரு எழுதுனது?"

"கொசு மருந்து அடிக்க வந்தவுக எழுதுனது. அன்னைக்கு எனக்கு வாய்க்கு ஒரு நம்பரு வேணும்னு இருந்துச்சு. இதப் பாத்துத்தான் சொன்னேன்."

பெண்கள் முண்டியடித்து வந்து கதவு நிலையைப் பார்த்தார்கள். பொன்னுமணிக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த அப்பாடாவும் ரொம்ப நேரம் நிலைக்கவில்லை.

பாத்துமுத்து கதவை விட்டுத் தள்ளி நடுத்தெருவுக்குப் போய் நின்றுகொண்டாள். முகம் வெளுத்திருந்தது. "அப்ப துண்டு மலையில விழல. இந்தக் கட்டடத்து மேலதான் விழப்போகுது. அரசாங்கத்துக்கு முன்னாடியே தெரிஞ்சு நம்பர் போட்டு வச்சிருக்காக. அல்லா, நான் இனிமே உள்ள போக மாட்டேன்."

அவள் பின்னாலேயே இன்னும் ஆறு பேர் நடுத்தெருவுக்குப் போய்விட்டார்கள்.

பொன்னுமணிக்கு அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. ஆனால் அவள் விடவில்லை. அடுத்த கட்டடம் ஒரு கயிற்றுக் கடை. அதன் கதவுக்கு ஓடினாள்.

"பெரியம்மா, இங்க பாருங்க. நானூத்திப் பதினெட்டு."

அதற்கு அடுத்த வீட்டுக்கு ஓடினாள். "நானூத்திப் பத்தொம்பது."

எதிர்ச்சாரிக்கு ஓடினாள். "இங்க நானூத்தி இருவது. உங்க வீட்டுக் கதவுலயும் இருக்கும், போய்ப் பாருங்க. அப்படின்னா ஊருல வீட்டுக்கு ஒரு துண்டு விழணும். ஸ்கைலாபுல மொத்தமே ஐநூறு துண்டுதான். நம்ம ஊருக்கே பத்தாதே."

முதலில் சிரித்தது சிக்கந்தர்தான். ஜீப்பின் மேல் சாய்ந்துகொண்டு சிரித்தான். "அடிப்பாவி, கொசு மருந்துக்காரன் போட்ட நம்பரத்தான் நான் பூப்பாறை வரைக்கும் ஓசியில ஏத்திக்கிட்டுப் போயிருக்கேனா? டீக்கடையில மொதல்ல சொன்னதே நான்தானப்பா. சாயங்காலம் அவுக எங்கிட்டத் திருப்பிச் சொன்னதும் நான் வேற ஆன்னு வாயப் பொளந்து கேட்டேன்."

தெருவே சிரித்தது. பாத்துமுத்துகூட வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிக்காமல் இருந்தவள் சுருளியம்மாள் ஒருத்திதான்.

அவள் ஜீப்பிலிருந்து மெதுவாக இறங்கினாள். பொன்னுமணிக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ரெண்டு நாளா ஒரு வாய் சோறு எறங்கல எனக்கு. கண்ண மூடுனா எம் மகதான் தெரியுறா. உனக்கு அது வெளையாட்டாடி?"

பொன்னுமணி தலை குனிந்தாள். கண்ணீர் சொட்டி அவள் காலிலேயே விழுந்தது. "தப்புத்தான் அத்தே. எல்லாரும் என்னையே பாத்துக்கிட்டிருந்தாக. அது நல்லா இருந்துச்சு. அதான் சொல்லிட்டேன்."

சுருளியம்மாள் அவள் மோவாயைப் பிடித்து நிமிர்த்தினாள். அப்புறம் கேட்டாள். "சரி, இப்ப நெசத்தச் சொல்லு. அது எங்கதான் விழும்?"

"தெரியாது அத்தே."

"மலையில விழாதுல்ல?"

'விழாது' என்று சொல்லிவிட்டால் போதும். அத்தையின் முகம் தெளிந்துவிடும். பொன்னுமணியின் நாக்கு நுனி வரைக்கும் அந்தச் சொல் வந்துவிட்டது. அதை அவள் விழுங்கினாள்.

"அதுவும் தெரியாது அத்தே. எங்க விழும்னு ஒருத்தருக்கும் தெரியாதுன்னுதான் போட்டிருக்கு. ஒலகம் பூரா கெடக்கு, அதுல எங்கயாவது விழும். ஆனா ஜீப்புல குலுங்குனா மொக்கம்மா அக்காவுக்கு ஆகாதுன்னு நர்சம்மா சொன்னாகள்ல, அது மட்டும் நல்லாத் தெரியும்."

சுருளியம்மாள் மலையைப் பார்த்தாள். உச்சியில் மேகம் உட்கார்ந்திருந்தது. அங்கிருந்து விழுவதற்கு இப்போதைக்கு மழையைத் தவிர வேறொன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. அவள் நீளமாக ஒரு மூச்சு விட்டாள்.

"சிக்கந்தரு, நான் வரல. இந்தத் தலாணியையும் கம்பளியையும் மட்டும் எம் மகட்டக் குடுத்துரு." பிறகு பொன்னுமணி பக்கம் திரும்பினாள். "பைக்குள்ள நோட்டு இருக்குல்ல? எடு. ஒரு கடுதாசி எழுது. நான் சொல்றத மட்டும் எழுதணும்."

பொன்னுமணி ஜீப்பின் முகப்பிலேயே நோட்டை வைத்து எழுதினாள். சுருளியம்மாள் சொன்னது ஐந்தே வரி. இவள் எழுதியதும் ஐந்தே வரி. பள்ளிக்கூடத்துக்கு மட்டும் கொஞ்சம் நேரமாகிவிட்டது. அதற்கு வாத்தியார் வெளியே நிற்க வைத்தார். அவள் வருத்தப்படவில்லை.

வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கே ராவுத்தரின் ஸ்டோர் வாசலில் கூட்டம் கூடிவிட்டது. ராத்திரி விழுந்துவிட்டதாம், விழவில்லையாம் என்று ஆளுக்கு ஒன்றாகப் பேசிக்கொண்டார்கள். ராவுத்தர் தன் ரேடியோவை ஆபீஸ் ஜன்னலில் தூக்கி வைத்து, சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

பால்காரர் சைக்கிளை விட்டு இறங்கி நின்றார். கயிற்றுக் கடைக்காரர் பாதி திறந்த கதவை அப்படியே விட்டுவிட்டு வந்தார். பள்ளிக்கூடப் பிள்ளைகள், மூட்டை தூக்குபவர்கள், காய் பொறுக்கும் பெண்கள் எல்லோரும் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுருளியம்மாள் எல்லோருக்கும் முன்னால் நின்றாள். பொன்னுமணி அவள் பக்கத்தில் நின்றாள்.

சரியாக ஏழே காலுக்கு டெல்லியிலிருந்து செய்தி வந்தது. ஸ்கைலாப் நேற்றிரவு விழுந்துவிட்டது. இந்துமாக்கடலிலும் ஆஸ்திரேலியாவின் மேற்குப் பகுதியிலும் துண்டுகள் விழுந்தன. யாருக்கும் காயம் இல்லை.

செய்தி அடுத்த விஷயத்துக்குப் போய்விட்டது. 'அப்பறம்?' என்று அதனிடம் யாரும் கேட்க முடியவில்லை. தெருவில் நின்ற அத்தனை பேரும் ஒரே நேரத்தில் மூச்சு விட்டார்கள். அந்தச் சத்தம் பொன்னுமணிக்கு நன்றாகக் கேட்டது.

"ஆஸ்திரேலியான்னா அங்க சனங்க இருக்காகளா?" என்று கேட்டாள் பாத்துமுத்து.

"இருக்காக பெரியம்மா. ஆடு மாடெல்லாம் நெறைய இருக்கும். யாருக்கும் ஒண்ணும் ஆகலன்னு சொல்லிட்டாகளே."

"பாவம், அவுகளும் நம்மளாட்டம் பயந்துக்கிட்டுத்தான இருந்திருப்பாக" என்றாள் பாத்துமுத்து. பத்துப் பேர் ஆமாம் என்று தலையாட்டினார்கள். அதற்கு முந்தின நாள் வரை அவர்களில் பாதிப் பேர் ஆஸ்திரேலியா என்ற பெயரைக்கூடக் கேட்டதில்லை.

சுருளியம்மாள் அங்கே நிற்கவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நேரே உள்ளே போய்ச் சுளகை எடுத்துக்கொண்டாள். மலையில் துண்டு விழவில்லை, சரி. மகள் எப்படி இருக்கிறாள் என்பதை ரேடியோ சொல்லாதே.

அதைச் சாயங்காலம் சிக்கந்தர் கொண்டுவந்தான். ஸ்டோருக்குள் நுழைந்ததும் சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த ஒரு தாளை எடுத்தான். "அக்கா, உங்க மக கடுதாசி. அவ சொல்லச் சொல்ல நர்சு சேச்சி எழுதுனது. சேச்சிக்குத் தமிழெழுத்து அரைகுறைதான், பாத்துப் படிக்கச் சொல்லு."

சுருளியம்மாள் தாளை வாங்கி இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் திருப்பிப் பார்த்தாள். பிறகு பொன்னுமணியிடம் நீட்டினாள்.

அத்தனை பேர் முன்னால், அதுவும் தன்னிடம். பொன்னுமணி தாளைப் பிரித்தாள். அவள் ரேடியோக் குரல் எடுக்கவில்லை. எழுத்துக் கூட்டி, தன் சொந்தக் குரலில் படித்தாள்.

"அன்புள்ள ஆத்தாவுக்கு. தலையணையும் கம்பளியும் வந்தது. நேற்று இங்கே எல்லோருக்கும் பயமாக இருந்தது. காலையில் ஏழே கால் செய்திக்கு எஸ்டேட் ஆபீஸ் வாசலில் எல்லோரும் கூடினோம். நர்சு சேச்சி என்னையும் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். யாருக்கும் ஒன்றும் இல்லை என்று செய்தியில் சொன்னதும் எனக்கு உன் ஞாபகம்தான் வந்தது. நீயும் கீழே இதே நேரத்துக்கு இதையே கேட்டுக்கொண்டிருப்பாய் என்று நினைத்தேன். பக்கத்தில் நீ இருக்கிற மாதிரி இருந்தது."

"கேட்டேன்டி" என்றாள் சுருளியம்மாள், மகள் எதிரே உட்கார்ந்திருப்பவள் போல. "அந்நேரம் நான் இங்க ஜன்னல்கிட்டதான் நின்னேன். ஒரு சொல்லு விடாமக் கேட்டேன்." அவள் கன்னத்தில் கண்ணீர் இறங்கியது. அதைத் துடைக்கக்கூட அவளுக்குத் தோன்றவில்லை. "இன்னும் என்ன போட்டிருக்கா?"

பொன்னுமணி கடைசி வரிக்கு வந்தாள். "நான் நன்றாக இருக்கிறேன். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. இப்படிக்கு, மொக்கம்மாள்."

"அவ்வளவுதானா?" என்றாள் பாத்துமுத்து.

"அவ்வளவுதான் பெரியம்மா. இதுக்கு மேல ஒண்ணும் எழுதல."

சுருளியம்மாள் கையை நீட்டி அந்தத் தாளைத் தொட்டாள். "அந்தக் கடைசி வரி இருக்குல்ல தங்கம், அத மட்டும் இன்னொரு தடவ படி."

பொன்னுமணி படித்தாள். "நான் நன்றாக இருக்கிறேன். வேறு விசேஷம் ஒன்றும் இல்லை."